நைட் ஷிப்ட் வாரத்து முப்பதுகள்

என் டைரியில் தூக்கத்துக்கென்று ஒரு பத்தி உண்டு. வேலையில் சேர்ந்த ஆண்டிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன். படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் எத்தனை முறை விழித்தேன் என்பது வரை அதில் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்திலும், அதையடுத்த தையிலும் மாசியிலும் நான் மிக நன்றாகத் தூங்கியிருக்கிறேன். பகலில் ஏழு மணி நேரம், ஏழே கால், ஒரு நாள் ஏழே முக்கால். அந்த மாதங்களில்தான் என் மனைவியின் வலது கை தோளுக்கு மேலே உயராமல் நின்றுபோனது.

நாங்கள் கடலோரக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு ஒன்றில் இருந்தோம். எனக்கு அணுமின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. இரவு வாரம் வந்தால் வீடே மாறிவிடும். படுக்கையறை ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியில் மாட்டுவோம். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிடுவேன். காலை ஏழு மணிக்கு நான் படுப்பதற்குள் குக்கர் விசில் எல்லாம் முடிந்திருக்கும். வாசல் கேட்டில் ஓர் அட்டை தொங்கும். அதில் ‘நைட் ஷிப்ட்’ என்று சிவப்பு மையில் நானே எழுதியிருந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி அட்டை உண்டு. காய்கறிக்காரர் அட்டையைப் பார்த்தால் கூவாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ராத்திரி கண்விழித்து வேலை பார்க்கிறவன் பகலில் தூங்காவிட்டால் அங்கே என்ன ஆகும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

என் மனைவி செங்கல்பட்டுக்காரி. குடியிருப்புப் பெண்கள் த்ரோபால் அணியில் சர்வீஸ் போடுவது அவள்தான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், உள்ளங்கையில் பந்தை ஒரு கணம் நிறுத்தி, எதிர்ப்பக்கத்தின் பின்மூலையில் போடுவாள். பந்து அங்கேதான் விழும் என்று எதிரணிக்கும் தெரியும். இருந்தும் எடுக்க முடியாது. மார்ச் மாத ஆண்டு விழாவில் மூன்று முறை தொடர்ந்து அவள் அணி ஜெயித்திருந்தது.

ஐப்பசி மழையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, வலது தோள் தரையில் படும்படி விழுந்தாள். மேற்கை எலும்பில், தோளுக்குச் சற்றுக் கீழே விரிசல். மூன்று வாரம் கையைக் கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது, தோள் இறுகியிருந்தது. கையைப் பக்கவாட்டில் ஒரு முழம்கூட அகற்ற முடியவில்லை.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், ஏரியைப் பார்த்த மாடியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘எக்சர்சைஸ் டாக்டர்’. வாரம் ஒரு முறை போனோம். முதல் நாளே எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

“இங்க நான் பண்றது கொஞ்சம்தான் சார். வீட்ல தினம் ரெண்டு வேளை பண்ணணும். ராத்திரி நல்லா தூங்கணும், தூக்கத்துலதான் உடம்பு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். மூணு மாசத்துக்குள்ள வந்தா வந்துது. அப்புறம் மூட்டு கெட்டிப்பட்டுரும்.”

அதைக் குறித்துக்கொண்டேன். அன்று மாலையே, பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகளின் அட்டை நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். கூடத்துக் கதவு நிலைக்கு மேலே ஒரு கப்பியை மாட்டி, அதில் கயிறு ஓடவிட்டேன். நல்ல கையால் கயிற்றை இழுத்தால் அடிபட்ட கை மேலே போகும். ஒரு வேளைக்கு முப்பது முறை. கப்பியில் தோள் இளகிய பிறகு, சுவரில் விரல்களை நடக்கவைத்து எவ்வளவு உயரம் ஏற முடிகிறதோ ஏற்ற வேண்டும். ஞாயிறுதோறும் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த பாகைமானியை ஒரு ஸ்கேலில் கட்டிக் கோணமும் எடுத்தேன். கடல் காற்றில் கப்பி துருப்பிடித்துக் கிறீச்சிடும் என்பதால் அதே ஞாயிறுகளில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.

செங்கல்பட்டில் மாடி வராண்டாவின் பெஞ்சில் நான் காத்திருப்பேன். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்துத் துணிக்கடை பாய் ஒருவர் இருப்பார். அவருக்கும் தோள்தான். சர்க்கரை வியாதியில் இறுகியது.

“இன்னா சார், எப்பப் பாத்தாலும் எழுதிக்கினே கீற? வூட்டம்மா கை நோவுதா, உன் கை நோவுதா?” என்பார்.

“கணக்கு இருந்தாத்தானே பாய் முன்னேற்றம் தெரியும்.”

“என் வூட்ல கணக்கே வேணாம். நா கவுத்த இழுத்துகினு ‘யா அல்லா’ன்னு கத்துனா தெருவுக்கே தெரியும். எம் மருமவ சொல்றா, மாமா, பாங்கு சொல்றவருக்கு முன்னாடி நீங்க சொல்லிட்றீங்கன்னு.”

உள்ளே டாக்டருக்கு உதவியாக இருந்த ஆயாவின் குரல் கேட்கும். “கத்து மா, கத்து. இன்னாத்துக்குப் பல்ல கடிச்சுகினு கீற? கத்துனாதான் கை வரும்.” பிறகு ஒரு பெண் கத்துவது கேட்கும். கீழே எலெக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் அடித்தபடி கிளம்பும். உள்ளே இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்தக் குரல் அவர்களில் ஒருவருடையது என்றே நான் எடுத்துக்கொண்டேன். என் மனைவி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

முதல் இரண்டு வாரம் கோணம் நன்றாக ஏறியது. மூன்றாவது வாரம் இறங்கியது. பிறகு ஏறியது, ஆறாவது வாரம் மறுபடி இறங்கியது. குறிப்பு என்ற பத்தியில் நான் ‘மழை, குளிர்’ என்று எழுதினேன். ஒன்பதாவது வாரம் இறங்கியபோது ‘பனி’ என்று எழுதினேன். முப்பது, முப்பது என்று தினமும் இரண்டு வேளையும் நோட்டில் அவள் இடது கையால் எழுதியிருந்தாள். அவ்வளவு ஒழுங்காகச் செய்தும் கை வரவில்லையே என்று டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

“நோட்டு நல்லா இருக்கு சார். கை நோட்டு மாதிரி இல்லியே” என்றார்.

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத் தந்தது. என் கணக்கைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாவது வாரம் எனக்கு இரவு ஷிப்ட். புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்தது. வேர்த்து விழித்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று வெறுங்காலோடு கூடத்துக்கு வந்தேன். அவள் கப்பிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றின் இரண்டு முனைகளும் இரண்டு கைகளில். கயிறு அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு நோட்டை மடியில் எடுத்து எழுதினாள்.

“என்ன பண்றே?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஏங்க எழுந்துட்டீங்க? நாலு மணிநேரந்தானே ஆச்சு.”

“நீ இழுக்கவே இல்லையே.”

அவள் நோட்டை மூடினாள்.

“கப்பி சத்தத்துல நான் முழிச்சுக்குவேன்னா? அதுக்குத்தான் எண்ணெய் போடறேனே.”

“கப்பி கத்தலீங்க. நான்தான் கத்துவேன்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. “எத்தனை நாளா இப்படி?”

“உங்க நைட் ஷிப்ட் வாரத்துல எல்லாம். மத்த வாரம் நீங்க வெளிய போனப்புறம் பண்ணிக்கினுதான் கீறேன். நைட் வாரத்துல சாயந்தரம் கத்துனா நீங்க கேட்டுட்டு மறுநா தூங்கமாட்டீங்க, ராத்திரி கத்துனா தெருவே எழுந்துக்கும்.” கோபம் வந்தாலோ அழுகை வந்தாலோதான் அவளுக்குப் பிறந்த ஊர்ப் பேச்சு முழுசாக வரும்.

“பக்கத்து வீட்ல போய்ப் பண்ணியிருக்கலாமே.”

“அந்த வூட்டு கேட்லயும் அட்டை தொங்குதே, பாக்கலியா நீங்க? அவரும் உங்க ஷிப்ட் க்ரூதானே.”

“சரி, செய்யலேன்னா அதைச் செஞ்சதா ஏன் எழுதினே?”

“வெறுங்கட்டமா விட்டா கேப்பீங்க. கேட்டா சொல்லணும். சொன்னா ஜன்னல்ல போர்வைய எடுத்துட்டு, ‘நீ பண்ணு, நா முழிச்சுக்கினு கீறேன்’னு உக்காருவீங்க. தூங்காம போயி ராத்திரி அங்க ஒக்காந்து ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? எங்கை ஒண்ணுதான் போவுது, போட்டும்.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் டைரியையும் எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்தேன். கோணம் இறங்கிய வாரங்களும் என் தூக்கம் ஏழு மணி நேரத்தைத் தாண்டிய வாரங்களும் ஒன்றே. நான் போட்ட கட்டங்கள், நான் போட்ட கோடு. பன்னிரண்டு வாரத்தில் நான்கு வாரம் அவள் கையை நான் தூங்கவைத்திருந்தேன். மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் படுக்கையறையிலிருந்து கேட்டது.

“போயி படுங்க” என்றாள்.

நான் படுக்கவில்லை. அன்று இரவு வேலைக்கும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அது பொய்யில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போனோம். நடந்ததைச் சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோணம் எடுத்தார், கையை மேலே தள்ளிப் பார்த்தார். அவள் கத்தினாள். இத்தனை வாரமும் பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்ட குரல் அது.

“பண்ணிட்டே இருங்க, கொஞ்சம் வரும்” என்றார். “பழைய மாதிரின்னு சொல்ல மாட்டேன்.”

வெளியே பாய் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கி, அவராகவே. என்னைப் பார்த்ததும் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நேரம் ஆவும் தங்கச்சி. வுட்றாத” என்று மட்டும் சொன்னார்.

விடவில்லை. அட்டையைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். இரவு வாரங்களில் க்ரூவில் தனியாக இருந்த ஒரு நண்பரின் அறையில் போய்த் தூங்கினேன். இத்தனை எளிய வழி ஐப்பசியில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. தூக்கத்தை இவ்வளவு கவனமாக எழுதியவன், அந்தக் கூரைக்குக் கீழே இன்னொருவர் தூங்குகிறாரா என்று எழுதவே இல்லை. வலது பக்கம் படுக்க முடியாமல் அவள் உட்கார்ந்தபடியே விடியவைத்த நாட்கள் எத்தனை என்பதற்கு என்னிடம் கணக்கு கிடையாது. மாசிக் கடைசியில்தான் அவளுக்கென்று ஒரு தூக்கப் பத்தி போட்டேன். அதில் நாலு, நாலரை, மூணே முக்கால் என்று இருக்கிறது.

கை தோளுக்குச் சற்று மேலே வரை வந்தது. பிறகு எத்தனை கத்தினாலும் வரவில்லை. மார்ச் ஆண்டு விழாவில் அவள் கோட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் ஸ்கோர் எழுதினாள். சர்வீஸ் போட வந்த பெண் வலையில் அடித்தாள். “அக்கா, எப்பிடி அக்கா போடுவீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்” என்று அந்தப் பெண் விஷயம் தெரியாமல் கேட்டாள். என் மனைவி சிரித்தாள். “வாயால சொல்றேன், கேட்டுக்கோ” என்றாள்.

ஓராண்டு கழித்து எனக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. காலையில் அவளுக்குத் தலைபின்னிவிட்டு வேலைக்குப் போனேன். முதலில் பின்னல் கோணலாக வரும். பிறகு பழகிவிட்டது. என் வழக்கமான விடியற்காலைக் கடற்கரை நடையையும் நான் விடவில்லை. வருடாந்திர மருத்துவச் சோதனையில் என்னை ஒவ்வொரு முறையும் பாராட்டினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பதவி உயர்வில் பெரிய வீடு கிடைத்தது. காலி செய்யும் முன் சுவருக்கு வெள்ளையடிக்கச் செய்யூரிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தான். கூடத்துச் சுவரில் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டுப் பிரஷ்ஷோடு நின்றான்.

“இன்னா சார் இது, கொயந்த ஒசரம் அளந்து வெச்சிகிறீங்களா?”

அவன் கீழிருந்து விரலால் தொட்டுக்கொண்டே போனான். மேலே பதினைந்து இருபது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கறுப்புத் தடமாகியிருந்தன.

“இதுக்கு மேல வளரவே இல்லியா, சார்?”

சமையலறையில் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தே சொன்னாள்.

“அவ்ளோதாம்பா வளந்துது. நீ சுண்ணாம்ப அடி.”

அவன் அடித்தான். காய்ந்ததும் கீழ்க்கோடுகள் மறைந்திருந்தன. மேலே இருந்த தடம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன்.