கைக்குப் பின்தங்காத கோடு

ஒரு மென்பொருள் கம்பெனி தனக்குச் செய்த துரோகத்தை ஹார்லன் சனிக்கிழமைதோறும் நேற்று நடந்ததுபோல் சொல்வான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை வெட்டுகிறவன் அவன். காசு கொடுத்து வாங்கிய படம் வரையும் மென்பொருள், ஒரு நாள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு அவன் கம்ப்யூட்டரில் திறக்கவே மறுத்துவிட்டது. அதை நம்பியிருந்த வெட்டும் இயந்திரமும் ஊமையானது. "போன் போட்டா, வேற கம்ப்யூட்டர் வாங்கிக்கோன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்! என் மெஷினுக்கு என்ன கேடு? இன்னிக்கும் ஓடுது!"

வெர்னா கோய்விஸ்டோ அதைக் காதில் வாங்குவதில்லை. தன் வீட்டு கேரேஜ் அலமாரியில் வரிசையாக நிற்கும் பழைய கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருப்பாள். "எழுந்திருடா கிழவா. என்ன இப்பிடி மூச்சு வாங்குற?" என்று ஒன்றின் விலாவில் தட்டுவாள். காய்ச்சல் பார்ப்பதுபோல் இன்னொன்றின் மேல் உள்ளங்கையை வைப்பாள். பிறகுதான் திரும்புவாள். "முடிச்சிட்டியா ஹார்லன்? பெர்ஷியன் பன்னு கொண்டாந்தியா, இல்ல வெறும் வாயோட வந்தியா?" கனடாவின் தண்டர் பே நகரத்தில் சனிக்கிழமை காலை, இளஞ்சிவப்புப் பூச்சு வழியும் அந்தப் பன் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது மரியாதை இல்லை.

வெர்னா வாரநாட்களில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். மற்ற நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு படம் வரையும் மென்பொருளைப் பராமரிக்கிறாள். சம்பளம் கிடையாது. ஹார்லனின் இயந்திரத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது அதுதான். அதைச் செய்கிறவள் நாலு தெரு தள்ளி இருக்கிறாள் என்று தெரிந்தபோது அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

மென்பொருளில் புதிதாக எதைச் சேர்த்தாலும் முதலில் அலமாரியிலேயே மெதுவான கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பாள். திரையில் கோடு கைக்குப் பின்தங்கினால் உதட்டைப் பிதுக்குவாள். "கோடு கையத் தொரத்திக்கிட்டு வருது பாரு, நாய்க்குட்டியாட்டம். ஆகாது." செய்தவருக்கே அது திரும்பிப் போகும். ஏன் என்று கேட்டால் பஸ்ஸைத்தான் இழுப்பாள். "கெழவி படியேற நேரமாகுதுன்னு விட்டுட்டுப் போனா அது என்ன பஸ்ஸு?" சற்றுப் பொறுத்து அவளே சொல்வாள்: "உள்ள உக்காந்திருக்கவங்களும் வேலைக்குப் போகணுந்தான்."

மென்பொருள் வேலையில் அப்படி உள்ளே உட்கார்ந்து காத்திருந்தவன் எமெரிக். மான்ட்ரியலில் இருக்கிறான், இவளோடு சேர்ந்து உழைக்கிறவன். அவன் மென்பொருளுக்குள் திரையில் வரைய ஒரு புதுத் தூரிகை செய்தான். அதன் முழு வேலையும் கம்ப்யூட்டருக்குள் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழும். பழைய கார்டுகளுக்கு அந்தத் தெம்பு இல்லை. அதனால் வெர்னா அதன் நிரலைப் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு விதமாக, பழசுக்கு ஒரு விதமாக அவனை எழுத வைத்தாள். இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஹாலிஃபாக்ஸில் ஒரு ஓவியர் நாள்கணக்கில் வரைந்த படம், புத்தம்புதுக் கம்ப்யூட்டரில், கண்ணெதிரே கறுத்துப் போனது.

அடுத்த சனிக்கிழமை போனில் வந்த எமெரிக் கத்தவில்லை. "ரெண்டு தடவ எழுதிட்டேன் வெர்னா. மூணாவது தடவ எழுத எனக்குத் தெம்பில்ல. தூரிகைய இப்பிடியே சேக்கலன்னா நான் தனியாப் போயிடறேன்."

வெர்னா போனைக் கீழே வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த பன் பூச்சைத் துடைத்தாள். "அவன் சொல்றதுல தப்பில்ல."

பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்த ஹார்லன் நிமிர்ந்தான். "அப்போ என் மெஷினு?"

"புதுசு அதுல ஓடாது."

"நீயும் அந்தக் கம்பெனிக்காரனுங்க கூட்டந்தானா? இத்தன நாளா உன் பன்னுக்கு அழுதேனே!"

வெர்னா மேசைமேல் இருந்த புதுக் கம்ப்யூட்டரில் அந்தத் தூரிகையைத் திறந்து, அதன் பேனாவை அவன் கையில் திணித்தாள். "திட்டு, வேணாங்கல. அதுக்கு முன்னாடி ஒரு எழுத்துப் போடு."

வெட்டும் இயந்திரம் வருவதற்கு முன்னால் தகரத்தில் பெயின்ட் எழுதிப் பிழைத்தவன் ஹார்லன். ஒரு எழுத்தை இழுத்தான். அழுத்திய இடத்தில் கோடு பருத்தது. தூக்கிய இடத்தில் முடியாக மெலிந்தது. ஓரத்தில் வண்ணம் ஈரமாகக் கசிந்தது. இன்னொன்று போட்டான். அப்புறம் இன்னொன்று. திட்ட மறந்துபோனான்.

"எவன்டா இதப் பண்ணான்?"

"நான் இத்தன நாளா வாசல்லயே நிக்க வெச்சிருக்கேனே, அவன்."

பிறகு தன் முடிவைச் சொன்னாள். பழைய கம்ப்யூட்டர்களில் ஓடும் இப்போதைய மென்பொருளை அப்படியே தனியாக எடுத்து வைப்பது. அதில் இனி புதிதாக எதுவும் சேராது, பழுதானால் அவளே சரிசெய்வாள், கேட்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். புதுசு எமெரிக்கோடு முன்னால் போகும்.

"எத்தன நாளைக்குச் சரி பண்ணுவ?"

"எப்பவும்னு பொய் சொல்லமாட்டேன். அலமாரில ஒண்ணாவது எரியற வரைக்கும்."

"ஆக, என்னைய பஸ்ஸுலேருந்து எறக்கி விட்டுட்ட."

"ஆமா," என்றாள் வெர்னா. சுற்றி வளைக்கவில்லை.

அறிவிப்பை இணையத்தில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த பன்னை இரண்டாகப் பிய்த்தாள். தின்று முடிப்பதற்குள் பராகுவேயிலிருந்து ஒரு செய்தி வந்துவிட்டது. லாரிகளுக்குப் பூ வரைகிற ஒருத்தி. ஊரில் எல்லாரிடமும் பழைய கம்ப்யூட்டர்தானாம். எங்களை விட்டுவிட்டீர்களா என்று கேட்டிருந்தாள்.

யார் எழுதினாலும் உடனே பதில் போடுகிறவள் வெர்னா. விரல்களை விசைப்பலகையில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைக் காலால் ஹார்லன் பக்கம் தள்ளினாள்.

"எறக்கி விட்டவ நானு. நான் எழுதினா சமாளிக்கிற மாதிரி இருக்கும். எறங்கினவன் நீ, நீயே எழுது."