படுக்க வைத்த பீம்

என் தம்பி நௌஷாட் கட்டார் நாட்டில் இரும்புக் கட்டடங்கள் எழுப்பும் வேலை செய்கிறான். கிரேன் தூக்கித் தரும் பீமை உயரத்தில் நின்று பிடித்து, போல்ட் முறுக்கிப் பூட்டுவதுதான் அவன் பிழைப்பு. லீவில் காத்தான்குடிக்கு வந்தாலும் இரும்பை மறக்கமாட்டான். ஒருமுறை குடும்பத்தோடு கல்லடிப் பாலத்துக்குப் போனோம். நாங்கள் வாவியைப் பார்த்துக்கொண்டு கச்சான் கடலை தின்றோம். அவன் பழைய பாலத்தின் இரும்புகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "பொண்டாட்டிய இப்படி ஒருநாளாவது பாத்திரிக்கியா?" என்று கேட்டேன். பல்லை இளித்தான். நல்ல மனுசன், வேறென்ன சொல்ல.

எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். இந்த நெருக்கத்தில் வளவு நிலத்துக்கு எங்கே போவது? மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்வீடு என்றுதான் எல்லாரும் சமாளிக்கிறார்கள். நௌஷாட்டின் மூத்த மகள் முப்லிஹா புருஷன் பிள்ளைகளோடு கீழே இருக்கிறாள். இளையவள் பரீனாவுக்குக் கல்யாணம் பேசி, மேலே கட்டத் தொடங்கினார்கள். கீழ்வீட்டுக் கூடமான ஹோலைப் பெரிதாக்க நடுச்சுவரை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பீமைப் போட்டு மாடியைத் தாங்க வைப்பது என்று பேச்சு.

வேலையைப் பார்த்தவர் முப்லிஹாவின் புருஷன் மர்சூக். அவருக்குச் சொல்லச் சொல்லித் தம்பி தன் அக்காவான எனக்குக் குரல் பதிவு அனுப்பினான்.

"ராத்தா, மருமகனுக்கு வடிவா விளங்கப்படுத்துங்க. சி சனல் வேணாம். அது ஒரு பக்கம் திறந்த சாமான், பாரம் ஏறினா முறுகும். கூரைக்குத்தான் சரி. பொக்ஸ் பார் வாசல் கேட்டுக்கு. எச் பீம் அகலமும் உயரமும் ஒண்டுபோல, அது தூணா நிக்க நல்லம். நமக்கு ஐ பீம்தான் வேணும். ஒடுங்கின உடம்பு, மேலயும் கீழயும் பட்டை. அந்த உயரம்தான் ராத்தா பாரத்தத் தாங்கிற."

சொன்னேன். நல்ல ஐ பீமாகத்தான் வாங்கியும் வந்தார்கள், அதில் குறையே இல்லை. அதற்குப் பிறகு நான் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஏறாவூருக்குப் போய்விட்டேன். இங்கே பீமை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதன் உயரத்தில் ஒரு சாண் ஹோலின் நடுவில் முகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டு தெரிந்திருக்கிறது. "மாப்பிள்ளை வீட்டுச் சனம் வந்து பாத்தா என்ன சொல்லும்?" என்று தம்பியின் மனைவி ஸகியா முகத்தைச் சுழித்திருக்கிறாள். உடனே மர்சூக் வீடு கட்டும் மேசனிடம் சொல்லி அதைப் படுக்க வைத்து, மேல்தள ஸ்லப்பும் போட்டு முடித்துவிட்டார். பூச்சுக்குள் பீம் மறைந்துவிடுமாம். இரும்பு எப்படிக் கிடந்தாலும் இரும்புதானாம். என்ன மூளையோ!

ஸ்லப் காய்ந்ததும் ஸகியா பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினாள். பீம் படுத்துக் கிடப்பதைப் படத்தில் கண்டதும் தம்பி எனக்குத்தான் போன் எடுத்தான்.

"ராத்தா, புள்ளைகள் கோடு கீறுற அடிமட்டம் ஒண்டு எடுங்க. ரெண்டு பக்கமும் புத்தகத்த வெச்சு, மேல படுக்க வெச்சு நடுவில அமத்துங்க."

அமத்தினேன். வளைந்தது.

"இப்ப ஓரத்தில நிப்பாட்டி அமத்துங்க."

அசையவேயில்லை.

"அதே அடிமட்டம்தான் ராத்தா" என்றான். அந்த ஹோலில்தான் முப்லிஹாவின் பிள்ளைகள் பாயைப் போட்டுப் படுக்கின்றன.

காத்தான்குடிக்கு ஓடி வந்து, உடைத்துத் திருப்பிப் போடுங்கள் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பரீனாவுக்குப் பேசிய மாப்பிள்ளை சவூதியிலிருந்து லீவில் வந்து நிற்கிறார். லீவு முடிவதற்குள் கல்யாணம் நடக்க வேண்டும். வீட்டில் பிழை என்று ஒரு சொல் வெளியே போனால் சம்பந்தமே போய்விடும். தம்பி லீவு கேட்டான். வேலை முடியும்வரை கிடையாது என்று கம்பனி சொல்லிவிட்டது. ஆயிரம் பேர் ஏறும் கட்டடத்துக்குப் பீம் பூட்டுகிறவன், தன் வீட்டுப் பீமைத் தொட வழியில்லாமல் கிடந்தான். அல்லாஹ்வே, இது என்ன சோதனை!

கடைசியில் அவன் கெஞ்சிக் கெஞ்சி, பீமுக்குக் கீழே இரண்டு இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுக்க வைத்தான். கல்யாணத்தன்று காலையில் போய்ப் பார்க்கிறேன், முட்டுகள் இல்லை.

"அத ஏன் மனே கழட்டின?" என்று மர்சூக்கைப் பிடித்தேன்.

"வாற சனம் கண்டா வீடு விழப்போகுதெண்டு நினைக்கும் மாமி."

"நினைச்சா நினைக்கட்டும்! விழாம இருந்தாப் போதும்!"

ஸகியா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "மதினி, என்ட புள்ளட வாழ்க்கை. இண்டைக்கு ஒருநாள் சத்தம் போடாதீங்க." அவள் கண்ணில் தண்ணீர். நான் யாரோடு சண்டை பிடிப்பது?

ஆண்கள் நிக்காஹ்வுக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். தம்பிக்குப் பதிலாக எங்கள் சின்னத் தம்பி போனான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வீடு பார்க்க வேண்டுமென்று கூட்டமாக மாடிக்கு ஏறினார்கள். கீழே ஹோலின் நட்டநடுவில், அந்தப் பீமுக்கு நேர் கீழே, சோடித்த கதிரையில் பரீனா உட்கார்ந்திருந்தாள். போனில் தம்பி. தலையில் வேலைத் தொப்பி, பின்னால் வெயிலில் இரும்புச் சட்டங்கள்.

"ராத்தா, கமராவ மேல காட்டுங்க."

காட்டினேன். புதுப் பெயின்ட்டில், பீம் கிடக்கும் இடத்தில் நீளமாக வெடித்த ஒரு மயிர்க்கோடு. நேற்று அது இல்லை. மேலே செருப்புச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"மாமி, வாப்பாவா? தாங்க" என்று பரீனா கை நீட்டினாள். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். பொன்னும் பட்டுமாய் நிலவுபோல இருந்தாள் பிள்ளை.

"மகள்" என்றான். "அந்தக் கதிரைய விட்டு எழும்புங்க. சுவரோட போய் இரிங்க."

"எல்லாரும் பாக்காங்க வாப்பா" என்றாள் அவள், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே. எழும்பவில்லை.

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு, "ராத்தா, கமராவ மேல திருப்புங்க" என்றான். மாப்பிள்ளை வந்து, மாலை போட்டு, பரீனாவின் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போகும் வரைக்கும் என் தம்பி அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.