கமலவேணியின் இரண்டு பாத்திகள்

மீன் விற்ற காலத்தில் கமலவேணியை எனக்கு முகத்தைவிடக் குரலாகத்தான் தெரியும். குருசுக்குப்பத்திலிருந்து தலையில் அன்னக்கூடையோடு எங்கள் வீதிக்கு வருவார். சங்கரா, வஞ்சிரம், மலிவான நாட்களில் சூடை. பக்கத்து வீட்டு பிலோமின் மதாம் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனையும் வாங்கியதில்லை. "இன்னும் எத்தினி வாட்டி தூக்குவீங்க மதாம், மீனுக்கே வெக்கம் வந்துடும்" என்று கமலவேணி சொல்வார். மதாம் அசைய மாட்டார்.

பிறகு முழங்கால் மக்கர் செய்தது. மகன் செல்வகுமார் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். அம்மா வீட்டில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கமலவேணிக்கு அதில் சம்மதமில்லை. காலையில் வெளியே கிளம்பாத பொம்பளையை வீட்டில் ஒரு சாமானாக ஆக்கிவிடுவார்கள் என்பது அவர் கருத்து. கடைசியாகக் கமலவேணி மதாம் வீட்டு வாசலுக்கு வந்து, இனி மீன் வராது, தங்கச்சி கார்குழலி பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மதாம் அப்போதுதான் தம் வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார். தோட்டக்காரர் சொல்லாமல் நின்றுவிட்டிருந்தார். அந்த வேலை கமலவேணிக்குக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு.

என் வீட்டு மாடியின் பின்பக்க ஜன்னலில் நின்றால் மதாம் வீட்டு உள்முற்றம் முழுதும் தெரியும். இதில் பாதி நான் பார்த்தது, பாதி கமலவேணி பிறகு எனக்குச் சொன்னது. எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முற்றத்தின் நடுவே ஒரு கிணறு. இருபுறமும் ஒவ்வொரு பாத்தி. தங்க வருகிறவர்கள் கிணற்றடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் முற்றம் முழுக்க ஒரே வகைச் செடி வைக்க மதாம் விரும்பினார். எதை வைப்பது என்பதில்தான் முடிவு வரவில்லை. அதனால் ஆடி மாதத்தில் ஒரு பாத்தியில் கல்வாழையும் மறு பாத்தியில் ஹெலிகோனியாவும் வைக்கப்பட்டன. பொங்கல் கழிந்ததும் எது நன்றாக இருக்கிறதோ அது முற்றம் முழுவதும். இரண்டும் சரியில்லை என்றால் செடி கொடுத்த நர்சரிக்காரரே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்வார். கமலவேணி வீட்டுக்குப் போகலாம். அதுதான் நிபந்தனை.

பூ இல்லாதபோது இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. இரண்டின் இலையும் சின்ன வாழை இலைதான். கல்வாழையின் பூ தண்டின் உச்சியில் நிமிர்ந்து நிற்கும். ஒரு பூ வாடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். ஹெலிகோனியாவின் பூ தலைகீழாகத் தொங்கும். சிவப்பில் மஞ்சள் விளிம்பு, தொட்டால் பிளாஸ்டிக் போல இருக்கும், வாரக்கணக்கில் வாடாது. ஆனால் பூக்க அவசரப்படாது. நிழலும் ஈரமும் கேட்கும். மதாம் தம் அப்பா காலத்து வழக்கப்படி இரண்டையும் பிரெஞ்சில் பலிசியே என்றே சொல்வார். பலிசியேவுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று அவர் கேட்பதும், எந்தப் பலிசியே என்று கமலவேணி திருப்பிக் கேட்பதும் தினமும் என் காதில் விழும்.

கமலவேணி முதல் நாளே கட்சி சேர்ந்துவிட்டார். கல்வாழை சாக்கடையோரத்தில் தானாக முளைக்கிற செடி, அதைப் பார்க்கவா பிரான்சிலிருந்து வருவார்கள் என்று என்னிடமே கேட்டார். நர்சரியிலிருந்து வரும்போதே ஹெலிகோனியாவில் இருந்த பூவைப் பார்த்ததும் அதற்கு நண்டுக்கால் என்று பெயர் வைத்துவிட்டார். கடற்கரைக்காரர்களுக்கு ஏற்ற செடி அதுதான் என்றார்.

ஒவ்வொரு நாள் காலையிலும், மதாம் சர்ச் பூசைக்குப் போயிருக்கும் நேரத்தில், மூடி போட்ட பெயிண்ட் பக்கெட் ஒன்றைக் கமலவேணி உள்ளே கொண்டுவருவதைப் பார்த்தேன். சாணிக் கரைசல் என்று நினைத்துக்கொண்டேன். அதில் இருந்தது மீன் கழுவிய தண்ணீர் என்பது பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். வாடிக்கைக்காரர்கள் சுத்தம் செய்து கேட்கும் மீனைக் கார்குழலி தன் அக்கா கமலவேணியின் வீட்டில் வைத்துத்தான் தேய்த்துக் கழுவுவார். கொழகொழப்புப் போகக் கல் உப்புப் போட்டுத் தேய்ப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தண்ணீரில்தான் கமலவேணி வீட்டு முருங்கை கூரைக்கு மேல் வளர்ந்திருந்தது. அந்த அனுபவத்தில் நண்டுக்காலுக்கு மட்டும் அதை ஊற்றினார். கல்வாழைக்கு வெறும் குழாய்த் தண்ணீர்.

புரட்டாசிக்குள் ஹெலிகோனியாவின் இலை விளிம்புகள் நெருப்பில் காட்டியது போலக் கருகின. கூடவே பூனைகள் வந்தன. எங்கிருந்து வருகின்றன, ஏன் வருகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. இலை கருகுவதற்குக் காரணம் கடல் காற்று என்றார் மதாம். பழைய சுவரின் சுண்ணாம்பு மண்ணில் இறங்குகிறது என்றேன் நான், உறுதியாகவே சொன்னேன். நர்சரிக்காரர் போனில் வெயில் என்றார். பச்சை வலை கட்டினார்கள். சுவரோரத்து மண்ணைச் சுரண்டி மாற்றினார்கள். கருகுவது நிற்கவில்லை. செடிக்குச் சத்துப் போதவில்லை என்று கமலவேணி பக்கெட்டை இன்னும் பெரிதாக்கினார்.

கல்வாழையோ கேட்பாரற்றுப் பூத்தது. ஒருமுறை இலைசுருட்டுப் புழு வந்தது. அன்று கமலவேணியின் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்ததை நான் பார்த்தேன். சுருண்ட இலைகளை வெட்டிப் போட்டார்; அது மறுபடி துளிர்த்து முன்பைவிட அடர்ந்து நின்றது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. படகுகள் போகவில்லை, குப்பத்துத் தெருவில் தண்ணீர் நின்றது, கமலவேணி வேலைக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்து அவர் வந்தபோது ஹெலிகோனியாவின் நடுவில் புதிய இலை ஒன்று விரிந்திருந்தது. விளிம்பில் ஒரு கருகலும் இல்லை. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மேலே என்னைப் பார்த்து, நான் ஏதாவது ஊற்றினேனா என்று கேட்டார். இல்லை, மழைதான் என்றேன்.

"மழ கல்வாழைக்குந்தான் பேஞ்சுது. அது அப்பிடியேதான இருக்குது?" என்றார். அந்த இலையைத் தடவிக்கொண்டே, "நான் வராதப்ப நல்லாருக்குது ஐயா. வந்தா கெட்டுப்போவுது. என் கை அப்பிடியா?" என்றார்.

சுண்ணாம்பைப் பற்றி மறுபடி சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கின. பக்கெட்டும் வரத் தொடங்கியது. மார்கழி முடிவதற்குள் அந்தப் புது இலையும் கருகியது. தம் கைதான் ஆகாத கை என்று கமலவேணி முடிவே செய்துவிட்டார். பாத்தியைத் தொடுவதற்கே தயங்கினார். பக்கெட்டைத் தூரத்திலிருந்தே சாய்த்துவிட்டு நகர்ந்துகொள்வார்.

குழப்பத்தை உடைத்தது கார்குழலியின் வாய். ஒரு நாள் பக்கெட்டை நிரப்பும்போது அக்காவின் புலம்பலைக் கேட்டுவிட்டு, "நீ செடி வளக்குறியா, கருவாடு போடுறியா?" என்று கேட்டாராம். அன்று காலை கமலவேணி பாத்தியில் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்ததை நான் பார்த்தேன். உடனே துப்பினார். உப்புக் கரித்தது என்று பிறகு சொன்னார். அப்படியானால் வீட்டு முருங்கை மட்டும் எப்படித் தழைத்தது என்பது அவருக்கு விளங்கவில்லை. அங்கே மணல், ஊற்றியது தங்காமல் இறங்கிவிடும் என்றாராம் கார்குழலி. இருக்கலாம்.

பொங்கல் கழிந்து மதாம் முற்றத்துக்கு வந்தார். பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் சொல்லும் 'அலோர்' ஒன்றைச் சொல்லி, கல்வாழை ஜெயித்தது, மற்றதைத் தோண்டி எறிந்துவிடு, முற்றம் முழுக்கக் கல்வாழை, நீயே பார்த்துக்கொள் என்றார். கமலவேணி கையில் மண்வெட்டி இருந்தது. தோண்டினால் வேலை நிலைத்துவிடும். அது அவருக்குத் தெரியும். ஜன்னலில் நின்ற எனக்கும் தெரிந்தது. முற்றத்தில் பேசுவது மேலே தெளிவாகக் கேட்கும்.

"அதப் புடுங்காதீங்க மதாம். அது தானா கெடல. நான்தான் கெடுத்தேன்."

"என்ன செஞ்சே?"

"மீன் கழுவின தண்ணி ஊத்தினேன். உப்புத் தண்ணி."

மதாம் கருகிய இலைகளைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பூனைங்க?" என்றார்.

"அதுக்குத்தான் வந்துதுங்க."

"ஒரு ஜெர்மன்காரர் நாத்தம்னு ரூமை மாத்தச் சொன்னார். நான் பிளம்பரைக் கூப்பிட்டுப் பைப்பெல்லாம் தோண்டினேன்."

"அவரு ஜன்னலு பாத்திக்கு நேரா இருக்குது மதாம். பாவம், நல்ல மனுஷன், அப்பக்கூட எனக்கு வணக்கம் வெச்சிட்டுதான் போனாரு."

மதாம் சிரிக்கவில்லை. கல்வாழைக்கும் ஊற்றினாயா என்று கேட்டார். அதற்கு எதற்கு என்றார் கமலவேணி.

"அப்போ எது நல்ல செடி? அதைச் சொல்லு."

"தெரியல மதாம். ஒண்ணுக்கு உப்ப வெச்சேன். இன்னொண்ண ஏறெடுத்தே பாக்கல. ரெண்டுக்கும் ஒரே தண்ணிய ஊத்திப் பாத்தாத்தான் சொல்ல முடியும். மண்ண மாத்தணும். அடுத்த பொங்கலு ஆயிடும்."

மதாம் இரண்டு பாத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். கமலவேணி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். போவதா நிற்பதா என்று தெரியாமல் மறுபடி மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கதவு திறந்தது.

"இனிமே வாசல்லயே பக்கெட்டோட மூடியைத் தொறந்து எனக்குக் காட்டிட்டுத்தான் உள்ள வரணும்" என்றார் மதாம்.

"நாளைக்கா மதாம்?"

"தினமும்."