தட்டில் வைத்த போன்

என் தம்பி பிரேம்குமாரிடம் காபியா டீயா என்று கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுவான். ஒலக்கூர்ப் பக்கம் சொட்டு நீர்க் குழாய் போடுகிற வேலை அவனுக்கு. நிலத்தில் இறங்கிவிட்டால் ஒரு குழப்பமும் கிடையாது, கை தன் பாட்டுக்கு ஓடும். வரப்பேறி வீட்டுக்கு வந்தால்தான் தொல்லை. ஒரு சட்டைத் துணி எடுப்பதற்குக்கூட திண்டிவனத்தில் இருக்கிற என் தையல் கடைக்கு வந்து நின்றுகொண்டு, "சூர்யாக்கா, நீயே சொல்லேன்" என்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவன் எந்தக் காலை எங்கே வைப்பது என்று கரையிலேயே நிற்கிற ரகம்.

முதலில் பேசிய சம்பந்தம் இந்தக் குணத்தால்தான் கலைந்தது. பூ வைத்த கையோடு நம்பர் வாங்கித் தினமும் பேசினான். கல்யாணத்துக்கு அப்புறம் திண்டிவனத்திலா ஊரிலா, மண்டபமா கோயிலா, பட்டுப் புடவை பச்சையா சிவப்பா என்று அந்தப் பெண் எதைக் கேட்டாலும், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்" என்றிருக்கிறான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவர வச்சிக்கினு நான் இன்னா குடித்தனம் பண்றது?" என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லவா வேண்டும்? அடுத்த பெண் அமைந்தபோது சட்டமே போட்டுவிட்டாள்.

"தட்டு மாத்தற வரைக்கும் போனும் கெடையாது, பேச்சும் கெடையாது. பேசிப் பேசித்தான் போன வாட்டி கெடுத்துக்கினான்."

அடுத்த பெண் பானுப்ரியா. செஞ்சி போகிற வழியில் வல்லத்துக்குப் பக்கத்து ஊர். மாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. ஊர் ஊராகப் போய் மாட்டின் காதில் நம்பர் மாட்டிவிட்டு, மூக்கைப் போட்டோ எடுக்க வேண்டும். மனுஷனுக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்காம். பெண் பார்க்கப் போன அன்றைக்கே நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள், "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன்." தம்பி பளிச்சென்று தலையாட்டினான். அம்மா மட்டும், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று பலகாரத் தட்டை நகர்த்தினாள். அந்த "அப்புறம்" எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது தம்பி என் காதில், "அக்கா, இந்தப் பொண்ணு போயிடக்கூடாதுக்கா" என்றான். அவன் வாயிலிருந்து ஒரே பக்கமாக வந்த பேச்சு எனக்குத் தெரிந்து அதுதான்.

எங்கள் பக்கத்தில் இப்போது நிச்சயதார்த்தத் தட்டில் புடவை, பழம், வெற்றிலை பாக்கோடு புது போன் ஒன்றும் வைக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்த வழக்கமோ! பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணம் வரைக்கும் பேசிக்கொள்வதற்காம். ஆனால் பேச்சு கிடக்கட்டும், மாப்பிள்ளை வீட்டார் என்ன போன் வைத்தார்கள் என்பதுதான் சொந்தபந்தத்தில் முதல் கேள்வி. ஆக, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமலே அவளுக்குப் பிடித்த போனை வாங்க வேண்டும். பிரேம்குமாருக்கு இதைவிடப் பெரிய தண்டனை யார் கொடுக்க முடியும்?

எங்கள் மாமா பையன் தேவா புதுச்சேரியில் வேலை பார்க்கிறான், ஐபோன்காரன். "மச்சான், ஐபோன் வைடா. தட்டுல இருந்தா கெத்தே தனி. காமிரா சும்மா அள்ளும்" என்று அடித்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் சீனுவாசன் ஆண்ட்ராய்டுக் கட்சி. "அவன் பேச்சக் கேக்காத. மாட்டுக் கொட்டாயில நின்னு வேல செய்யற பொண்ணு. கீழ உழுந்து கண்ணாடி ஒடஞ்சா ஐபோனுக்கு ஆவுற செலவுல ஒரு கன்னுக்குட்டி வாங்கிடலாம்" என்றார். தேவா சொல்லும்போது தம்பி அவனுக்குத் தலையாட்டினான். இவர் சொல்லும்போது இவருக்கு ஆட்டினான். இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று கிளம்பிப் போனார்கள்.

நானே அவனைப் போன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் நல்ல மாதிரி. "உங்களுக்கு எதுக்கு வேணும்ணா? அத சொல்லுங்க, நான் எடுத்துக் காட்டறேன்" என்றாள்.

"எனக்கில்லமா. கட்டிக்கப்போற பொண்ணுக்கு."

"அவங்க போன்ல இன்னா பண்ணுவாங்க? பாட்டு கேப்பாங்களா, படம் பாப்பாங்களா, ஆபீஸ் வேலையா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரு ஐபோனையும் ஒரு ஆண்ட்ராய்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு தராசு மாதிரி நின்றான். பிறகு இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்றான். இப்படியே நாலைந்து "நாளைக்கு" போயிற்று. எனக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது. தேவா பேசினால் அவன் சொல்வது சரி என்று படும், வீட்டுக்கு வந்தால் இவர் சொல்வது சரி என்று படும். தம்பியின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தேபோனேன்.

அப்புறம்தான் ஒரு நாள் மேல்சித்தாமூர்ப் பக்கம் குழாய் போடப் போனவன் மூச்சு வாங்க என் கடைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, பானுவப் பாத்தேன்!"

"பேசினியாடா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். மோட்டார் கொட்டாய் பின்னால நின்னுக்கினு பாத்தேன். மாட்டு மூக்கப் படம் புடிக்கறா. அது தலைய ஆட்டிக்கினே இருக்குது. திரும்பத் திரும்ப எடுக்கறா, படத்துல மூக்கு உழவே மாட்டேங்குது. அவ போனு கண்ணாடி பூரா விரிசல்க்கா. பேஜாராப் போயி அந்த மாட்டாண்டயே உக்காந்துட்டா. பாவமா இருந்திச்சி."

சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. "அவளுக்கு வேண்டியது நல்ல காமிராக்கா" என்றான். "ஐபோனே வாங்கிடறேன்." முதல் முறையாக ஒரு காரணத்தோடு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். நான் ஏன் குறுக்கே நிற்கப்போகிறேன்? அன்றைக்கே வாங்கினோம். தட்டில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பெட்டியின் சீலை உடைத்து, போனை வெளியே எடுத்து ரிப்பன் கட்டியதும் நான்தான்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில். தட்டு மாற்றி, பத்திரிகை வாசித்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது. போன் கைக்குக் கை மாறி ஒரு சுற்று வந்தது. "ஐபோனாம்ல!" என்று பெண் வீட்டுப் பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியாக அது பானுப்ரியா கைக்கு வந்தது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"இன்னாமா, புடிக்கலையா?" என்று குனிந்து கேட்டேன்.

"நல்லாருக்குது அண்ணி. ஆனா எங்க ஆபீஸ் ஆப்பு ஆண்ட்ராய்டுல மட்டுந்தான் ஓடும், இதுல ஏறாது. என் பழைய போனுல இனிமே ஓடாது, புதுசு வாங்குன்னு ஆபீஸ்ல சொல்லி ரெண்டு மாசம் ஆவுது. மாப்பிள வீட்ல எப்படியும் போன் வைப்பாங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. போனு இல்லன்னா வேல இல்ல அண்ணி."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது. சீல் உடைத்த போனைக் கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கக்கூடாதா இந்தப் பெண்? அம்மா காதில் விழுந்துவிட்டது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா, சபையில் எல்லாரும் கேட்கும்படி. "மாட்டு மூக்கப் புடிச்சது போதும்மா. வேலைய உட்டுடு. கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு எதுக்கு அது?"

பானுப்ரியா எழுந்து நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியைப் பார்த்தாள்.

"வேலைய உடச் சொல்றதா இருந்தா வாயாலயே சொல்லியிருக்கலாங்களே. போன வச்சித்தான் சொல்லணுமா?"

ஐயோ! வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வாய் திறந்து திறந்து மூடியது. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவைக்கப்போகிறான், இந்தச் சம்பந்தமும் இதோடு சரி என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"எனக்கு அந்த ஆப்பு கதையெல்லாம் தெரியாதுங்க" என்றான். "நீங்க அன்னிக்கு மாட்டாண்ட உக்காந்துக்கினு இருந்தீங்க. காமிரா நல்லா இருந்தா மூக்கு நல்லா உழும்னு வாங்கினேன். வேலைய உட்டுடாதீங்க."

சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தான். போன தீபாவளிக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு. குழாய் ஒட்டுகிற பசை அதன் முதுகில் திட்டுத்திட்டாக இருந்தது. அதை வேட்டியில் துடைத்து, வெற்றிலை பாக்கு இருந்த தட்டில் வைத்தான்.

"இதுல உங்க ஆப்பு ஏறும். இது உங்களுக்கு. அத நான் வச்சிக்கிறேன்."

"டேய், பைத்தியக்காரா! சபையில பழைய போனா குடுக்கற?" என்று அம்மா பல்லைக் கடித்தாள். "ஊரு சிரிக்கும்டா."

"சிரிச்சிட்டுப் போவட்டும்மா."

பானுப்ரியா போனை எடுத்து விரலால் தடவினாள். திறந்துகொண்டது. "லாக்கு இல்லீங்களா?"

"இன்னா நம்பர் வைக்கறதுன்னு முடிவு பண்ண முடியல."

அவளுக்கு முதலில் உதடுதான் துடித்தது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சபையே சிரித்தது. அம்மாவைத் தவிர.

சாப்பிட்டுவிட்டு வேனில் திரும்பினோம். அம்மா முன் சீட்டில் யாரோடும் பேசாமல் வந்தாள். தம்பி என் பக்கத்தில் அந்த ஐபோனை எங்கே அமுக்குவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். என் போன் அடித்தது. பார்த்தால் "தம்பி" என்று வருகிறது. தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்! எடுத்துக் காதில் வைத்தேன்.

"அண்ணி, நான் பானு பேசறேன். அவரு சிம்மக் கழட்டாமயே குடுத்துட்டாரு. போன் மேல போனு வந்துக்கினே இருக்குது அண்ணி. தீவனூர்ல இருந்து ஒருத்தரு, குழாய் உட்டுப்போச்சு, மல்லாட்டைச் செடி காயுது, ஜல்தி வாப்பான்னு ஒரே சத்தம். இன்னா சொல்றது?"

நான் ஸ்பீக்கரைப் போட்டுத் தம்பி முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நாளைக்கு நானும் தீவனூர் பக்கந்தாங்க போறேன், மாடு பாக்க. அந்த ஆப்பு ஏறிடுச்சி" என்றது அவள் குரல். "நீங்க வர்றீங்கன்னு அவருகிட்ட சொல்லிடட்டுங்களா?"

தம்பி பலமாகத் தலையாட்டினான். போனில் தலையாட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்?

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பாமலே கத்தினாள், "வாயத் தொறந்து சொல்லேண்டா, மரமண்ட!"

"வர்றேன்" என்றான்.