கமலாசனி போட்ட சீமெந்து நிலம்

2003 புரட்டாதியில், ஸ்கந்தபுரத்தில், கமலாசனி தோட்டத்து மூலையில் ஒரு சாமான் கொட்டில் போடத் தீர்மானித்தாள். மண்வெட்டி, மருந்தடிக்கிற மிசின், உரப்பை, கச்சான்கடலை மூட்டை எல்லாம் விறாந்தையில்தான் கிடந்தன. போன மாரியில் நிலத்து ஈரம் ஏறி இரண்டு மூட்டைக் கச்சான் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது.

"கொட்டிலுக்குச் சீமெந்து நிலம் போடுவம்" என்றாள் கணவர் இளையதம்பியிடம்.

அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் படுக்கிற அறையும் சமைக்கிற குசினியுமே சாணி மெழுகின நிலம்தான். "எட்டு வருசத்திலை நாலு இடம் மாறிப்போட்டம். தகரத்தைக் கழட்டிக்கொண்டு போகலாம். நிலத்தை என்னெண்டு ஏத்துறது?"

"ஏத்தவே தேவையில்லையெண்டு நினைச்சுத்தான் போடுறன்."

சண்டை ஓய்ந்து, மூடிக்கிடந்த பாதை திறந்தபின் சீமெந்து தாராளமாக வந்துகொண்டிருந்தது. நாலு பை இறக்கினாள். எட்டடிக்குப் பத்தடி கணக்காக்கி, நாலு முளை அடித்துக் கயிறு கட்டினாள். மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தால் நாலு அங்குலம் பிசகியது. பிடுங்கித் திரும்ப அடித்தாள். தூரத்தில் நின்று பார்த்த இளையதம்பிக்குப் பொறுக்கவில்லை. வயல் மட்டம் பார்த்துப் பழகிய கண்.

"அந்தப் பக்கம் ஒரு சாண் பதிஞ்சு கிடக்கு, கமலா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தார். பிறகு அலவாங்கையும் அவரே எடுத்துக்கொண்டார். மேல்மண்ணை வெட்டி எறிந்து, கிரவல் பரப்பி, பாலைக் குற்றியால் இரண்டு நாள் இடித்தார்கள்.

சனிக்கிழமை பக்கத்துவீட்டு மேசன் சிவராசா வந்தார். சல்லியும் மணலும் சீமெந்தும் குழைத்துக் கொட்டி, பின்நேரம் மூன்று மணிக்கு அவர் கடைசித் தடவல் தடவும்போது வானம் இருண்டது.

"இஞ்சருங்கோப்பா, தறப்பாள்!" என்று கமலாசனி கத்தினாள்.

இளையதம்பி ஓடினார். இடம்பெயர்ந்து வந்த புதிதில் இரண்டு வருசம் அவர்கள் குடியிருந்த தறப்பாள் அது. ஈர நிலத்தில் முட்டாமல் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிப் பிடித்தார்கள். நாலாவது மூலையை வேலிக்கட்டையில் கட்டினார்கள். மழை அரை மணித்தியாலம் கொட்டியது. மூன்று பேரும் தெப்பமாக நனைந்தார்கள்.

"திரும்பவும் இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்" என்றார் இளையதம்பி. கமலாசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் தறப்பாள் குலுங்க, தேங்கி நின்ற தண்ணீர் ஈரச் சீமெந்தின் ஒரு மூலையில் கொட்டியது. அந்த இடம் அம்மைத்தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியானது.

"திரும்பப் பூசிவிடட்டே, அக்கா?" என்று சிவராசா கேட்டார்.

"வேண்டாம் தம்பி, கிடக்கட்டும். மூட்டை அடுக்கினா மறையும்."

ஏழு நாளும் ஈரச்சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றியது இளையதம்பிதான். வயலுக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபிறகு ஒருதரம்.

கூரை ஏறி ஒரு கிழமையாகியும் கொட்டிலுக்குள் சாமான் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இளையதம்பி பாய்கூட இல்லாமல் அதற்குள் கிடந்தார். கமலாசனி உரப்பையை இழுத்துக்கொண்டு வந்து, "காலை மடக்குங்கோ" என்றாள்.

அவர் மடக்கினார். எழும்பவில்லை. "நல்ல குளிர்மை" என்றார் கண்ணை மூடியபடி. "சிவராசாவைக் கேட்டுப் பார். குசினி நிலத்துக்கு எத்தினை பை முடியுமாம்?"