வாயில் துணியில் ஓடிய சிவப்பு நூல்

1. முடித்த அன்றே முடிந்தது போலிருந்தது

திங்கட்கிழமை மத்தியானம் பூவேலை செய்த கெபாயா சட்டையை மேஜைமேல் விரித்துவிட்டு, "முடிச்சிட்டேன் லாத்தா" என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

லாத்தா என்பது எங்கள் பூவேலை அறையை நடத்தும் அக்கா. கீழே அவருடைய தம்பியின் துணிக்கடை, மேலே நாங்கள் ஆறு பெண்கள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் அந்தப் படிகளை நான் ஏறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என்னை இரண்டு வாரம் பார்ப்பதாகப் பேச்சு. "அங்கே நிலைச்சா போய்க்கிட்டு இரு, இல்லேன்னா வீட்டோட இரு" என்று அப்பா சொல்லியிருந்தார். வீட்டோடு இருக்க எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

அந்த மாதிரி கெபாயாவுக்கு மற்றவர்கள் ஒன்பது நாள் எடுப்பார்கள். நான் ஐந்தே நாளில் முடித்திருந்தேன். வாயில் என்கிற மெல்லிய வெள்ளைத் துணி, சிவப்பு ரோஜா, பச்சை இலை, எல்லாம் நூலை நெருக்கி நிரப்பும் சாட்டின் தையல். ஒரு பூ கூடக் கோணவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

லாத்தா பூவைப் பார்க்கவில்லை. துணிக்குப் பின்னால் கையை விட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அவர் உள்ளங்கை ரேகை வரை தெரிந்தது. கூடவே, பூவுக்கும் பூவுக்கும் நடுவில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

பக்கத்தில் இருந்த செல்லம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் என் வயதுதான். ஐந்து நாளாக என் வேகத்தைப் பார்த்து வயிறெரிந்தவள்.

"ஏண்டி கமலம், பூவுக்குப் பூ பாலம் போட்டிருக்கே! இனிமே கடலைத் தாண்ட ஃபெரி எதுக்கு? உன் நூலைப் புடிச்சே அக்கரை பட்டர்வொர்த் போயிடலாம் லா!"

அறையே சிரித்தது.

2. ஸ்கூலில் சொல்லாதது

நடந்தது இதுதான். ஸ்கூலில் நாங்கள் தைத்ததெல்லாம் தடித்த லினன்: மேஜை விரிப்பு, டிரே துணி. ஒரு பூ முடிந்ததும் நூலை வெட்டாமல் பின்பக்கமாகவே இழுத்து அடுத்த பூவுக்குப் போய்விடுவோம். லினனில் அது தெரியாது. எனக்குப் பரிசு வாங்கிக் கொடுத்ததே அந்த வேகம்தான். வாயில் துணி கண்ணாடி மாதிரி. நான் தாவிய இடமெல்லாம் வெளியே தெரிந்தது.

"இது தட்டுமேல விரிக்கிற துணி இல்ல, உடம்புமேல போடுறது" என்றார் லாத்தா. "வியாழக்கிழமை பீபிக் வருவாங்க. மக கல்யாணத்துக்கு அவங்க உடுத்தப் போறது. அன்னிக்கு இது சரியா இல்லேன்னா நீ வர வேண்டாம்."

பீபிக் என்று நாங்கள் கூப்பிட்டது கடையின் பழைய வாடிக்கை, ஒரு நியோன்யா அம்மாள்; தலைமுறையாக இங்கேயே ஊறி, மலாய் பேசி கெபாயா உடுத்தும் சீனக் குடும்பம்.

தாவின நூலை வெட்டி எறிந்தால் போதுமே என்று தோன்றும். வெட்டினால் நுனி அவிழும், நுனி அவிழ்ந்தால் பூ அவிழும். நுனியைத் தையலுக்கு அடியில் செருகித்தான் ஆக வேண்டும். நான் தாவியது ஒரு விரல் அகலம். நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் அரை விரல் நூல்தான் மிஞ்சும். அதை ஊசியில் கோர்த்தால் ஊசி நூலைவிட நீளம், குத்தவே முடியாது.

முதல் இரண்டு பூக்களைப் பிரித்து மறுபடி தைத்தேன். இப்படியே போனால் வியாழக்கிழமை அல்ல, அடுத்த வியாழக்கிழமைகூட முடியாது. ஊசியை வெறுமனே தையலுக்கடியில் குத்தி வைத்துவிட்டு யோசித்தேன். ஊசியின் காது மட்டும் வெளியே இருந்தது, அந்தக் குட்டை நூலுக்குப் பக்கத்திலேயே. அப்படியே நூலைக் காதில் கோர்த்து ஊசியை இழுத்தேன். நுனி உள்ளே போய் மறைந்துவிட்டது!

முதலில் குத்து, பிறகு கோர். அவ்வளவுதான் வித்தை. இரண்டரை நாள் இதையே செய்தேன்.

"தலைகீழாத் தைக்கிறியே, சாப்பாடும் அப்படித்தானா?" என்றாள் செல்லம்மா. ஆனால் புதன்கிழமை கெபாயாவின் வலது கைப்பகுதியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு அதே மாதிரி செருகிக் கொடுத்தாள். நான் நன்றி சொன்னதற்கு, "உனக்காக இல்ல, நானும் கத்துக்கணும்ல" என்றாள்.

3. இன்னும் ஒன்று

பீபிக் வந்தார். வெற்றிலை மென்றுகொண்டே கெபாயாவை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். எல்லா நியோன்யாக்களும் அப்படித்தான், பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். விரலால் தடவிக்கொண்டே வந்து கழுத்தோரம் நிறுத்தினார்.

"லாகி சத்து!" என்றார். இன்னும் ஒன்று இருக்கிறதாம்.

இருந்தது. இரண்டு மொட்டுகளுக்கு நடுவில் அரிசி நீளத்துக்கு ஒரு கோடு. செருகக்கூட நூல் போதாத இடம். லாத்தா என்னைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் பீபிக், உட்காருங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தேன். ஒரு மொட்டை முழுவதும் பிரித்தேன். துளைகளை நகத்தால் தேய்த்து மூடினேன். புது நூலில் மறுபடி தைத்தேன். அந்த மொட்டைக் கண்ணை மூடிக்கொண்டும் தைப்பேன்.

பீபிக் உள்சட்டைமேல் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். வெளிச்சம் துணிக்குள் புகுந்து வந்தது. பூ இருந்தது, இலை இருந்தது, வேறொன்றும் இல்லை.

"இந்தப் பொண்ணு புதுசா?" என்று லாத்தாவிடம் கேட்டார்.

"இல்ல பீபிக், நம்ம பொண்ணுதான்" என்றார் லாத்தா.

ஊசி வேலைக்கு வர நினைக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பூ முடிந்தால் நூலை வெட்டுங்கள். அடுத்த பூ ஒட்டினாற்போல் இருந்தாலும் வெட்டுங்கள். புதிதாகக் கோர்க்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எனக்கு மூன்று நாள் போயிற்று.