மூன்று விலா எலும்பும் அறுநூறு குக்கரும்

பொம்மைக்கு ஸ்பிரிங் மாட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போச்சம்பள்ளி சிப்காட்டில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், பெயர் அருள்ஜோசப். நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கும் பயிற்சிக்கு வாங்கிய ரப்பர் பொம்மையின் ஸ்பிரிங் உடைந்ததும், சேஃப்டி ஆபீசர் குருமூர்த்தி சார், "வெள்ளிக்கிழமை ஆடிட்டுய்யா, எதையாவது மாட்டு" என்றார். எதையாவது மாட்டினேன். தகடு அடிக்கும் பிரஸ்ஸில் போடுகிற முரட்டு ஸ்பிரிங் அது.

கற்றதைக் கை மறந்துவிடும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களை வரிசையில் நிறுத்துவார்கள். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் பொம்மை 'டக்' என்னும், தலைமாட்டில் பச்சை விளக்கு எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. இந்தத் தடவை பதினாறு பேர் ஏறி விழுந்து அமுக்கியும் பச்சை எரியவில்லை. குருமூர்த்தி சாரும் அமுக்கினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். "எனக்கு முதுகுவலி" என்று எழுந்துகொண்டார்.

எரியவைத்தது கேன்டீன் முனிலட்சுமி அக்கா மட்டும்தான். நாகரசம்பட்டிப் பக்கம் ஊர். தினமும் அண்டா அண்டாவாகக் களி கிண்டுகிற கை. பெண் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்ததால் பட்டியலில் சேர்த்தார்கள். எங்களுக்கு அந்தப் பயிற்சி ஒரு மணி நேர ஓய்வு. அக்காவுக்கு அப்படி இல்லை. அவருடைய அண்ணன் மாந்தோப்பில் சரிந்து விழுந்து உயிர் விட்டபோது பத்துப் பேர் சுற்றி நின்று துண்டால் விசிறினார்களாம். "அதுல நானும் ஒருத்தி. நல்லா விசுறுனேன்" என்பார். அதனால் பாத்திரம் கழுவி முடித்ததும் பொம்மையிடம் போய், தினம் நூறு தடவை அமுக்கிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவார்.

கேட்டில் 'விபத்தில்லாத நாட்கள்' என்றொரு போர்டு. ஐந்நூறைத் தொட்டால் ஆளுக்கு ஒரு குக்கர். அறுநூறு குக்கரும் ஸ்டோரில் வந்து இறங்கியாகிவிட்டது. நானூற்றுத் தொண்ணூற்றாறாம் நாள் மதியம், சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற குருமூர்த்தி சார் அப்படியே மல்லாந்து விழுந்தார்.

ஒருவன் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தான். ஒருவன் சோடா சோடா என்று கத்தினான். நான் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு! படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"தள்ளுங்கடா! என்னா வேடிக்க? அருளு, நூத்தியெட்டுக்குப் போன் போடு!"

அக்கா மூச்சு வருகிறதா என்று பார்த்தார். இல்லை. முழங்கையை மடக்காமல் ஆரம்பித்தார். வீட்டில் தெலுங்கு என்பதால் எண்ணுவதும் தெலுங்கில்தான். ஒகட்டி, ரெண்டு, மூடு... 'டக்' என்றது. சரியாகத்தான் அமுக்குகிறோம் என்று அவர் முகம் தெளிந்தது. அது பொம்மை இல்லையே! மறுபடி ஒரு டக்.

"அக்கா, மெதுவா..."

"மெதுவா அமுக்குனா அது விசுறுன மாதிரிதான்டா!"

மூன்றாவது டக். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நிறுத்தவில்லை. வந்தவர்கள் மெஷினை வைத்து இரண்டு ஷாக் கொடுத்ததும் இதயம் ஓடத் தொடங்கியது. ஆள் பிழைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் கூத்து. நெஞ்சுவலி விபத்தாகாது, ஆனால் கம்பெனிக்குள்ளே ஊழியர் கையால் மூன்று விலா எலும்பு உடைந்தது விபத்துதானே என்று ஹெச்.ஆர். கண்டுபிடித்தார். எலும்பு உடைவது சகஜம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. போர்டு பூஜ்யத்துக்கு வந்தது. குக்கர் லாரி ஏறித் திரும்பிப் போனது. "உசுரக் காப்பாத்துனத வேணாங்கல. நாலு நாள் கழிச்சுக் காப்பாத்தியிருக்கக் கூடாதா?" என்று பெயின்ட் ஷாப் கங்கப்பன் அக்காவின் முகத்துக்கு நேராகவே கேட்டான். அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தியது ஏன் என்று அவருக்கு மெமோ வேறு!

மனசு கேட்காமல் ஸ்பிரிங் விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். "அடப்பாவி! அப்போ நெசமாவே நான்தான் ஒடச்சனா?" என்று அழுதுவிட்டார். அன்றைக்கே சரியான ஸ்பிரிங் வரவழைத்து மாட்டினேன். அக்கா பொம்மை இருந்த அறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

குருமூர்த்தி சார் வேலைக்குத் திரும்பிய அன்று மறுபயிற்சி. மெலிந்துபோய், ஒரு கையால் விலாவைத் தாங்கியபடி நின்றார். அக்காவின் முறை வந்தது. குழந்தைக்கு எண்ணெய் தடவுவது போலத் தொட்டார். சிவப்பு விளக்கு. மறுபடி அமுக்கினார். சிவப்பு. கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த மெமோவைக் கிழித்து ஹெச்.ஆர். வாயில் திணிக்கலாம் போல இருந்தது.

"முனிலட்சுமிம்மா, கேட்டுல போர்டு பாத்தீங்களா?" என்றார் சார்.

"நாப்பத்தெட்டு சார். என்னாலதான்..."

"ஆமா, உங்களாலதான். காலைல நானே என் கையால மாத்துனேன். நான் செத்துப் பொழச்சு நாப்பத்தெட்டு நாளு. எலும்பு போனாப் போவுது. அமுக்குங்க!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முழங்கையை நீட்டினார். ஒகட்டி.

'டக்'. பச்சை விளக்கு எரிந்தது. குருமூர்த்தி சார் "அம்மா" என்று தன் விலாவைப் பிடித்துக்கொண்டார்.